ஃபோர்க்லிஃப்ட் எப்படி வந்தது? கிளார்க் கம்பெனியின் கதை வழியே ஓர் எளிய விளக்கம்

ஃபோர்க்லிஃப்ட் வண்டியைப் பார்க்கிற எல்லோருடைய கண்ணும் முன்பக்கம்தான் போகும். இரண்டு நீண்ட இரும்பு ஃபோர்க்குகள், அவற்றை ஏற்றி இறக்கும் உயரமான மாஸ்ட், சங்கிலி, எண்ணெய் பளபளக்கும் சிலிண்டர். தூக்குகிற வேலை அங்கேதானே நடக்கிறது! ஆனால் இந்த வண்டியைப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால் பின்பக்கம் போய்ப் பார்க்க வேண்டும். (நிறுத்தி வைத்திருக்கும் வண்டியாகப் பார்த்துப் போங்கள். ஓடுகிற ஃபோர்க்லிஃப்டுக்குப் பின்னால் நிற்பது ஏன் ஆபத்து என்பது கொஞ்ச நேரத்தில் வரும்.) அங்கே பெரிய வார்ப்பிரும்புக் கட்டி ஒன்று வண்டியோடு வண்டியாக உட்கார்ந்திருக்கும். பெயின்ட் அடித்து, ஓரங்களை வளைத்து, பார்ப்பதற்கு பாடி மாதிரி வைத்திருப்பார்கள். உள்ளே திடமான இரும்பு. அதன் ஒரே வேலை கனமாக இருப்பது.

கிணற்றுத் துலாவின் பின்முனையில் கல்லைக் கட்டிவைத்தால் முன்முனையில் நீர் நிறைந்த வாளி எளிதாக மேலே வரும் அல்லவா, அதே தத்துவம்தான். இங்கே துலாவைத் தாங்கும் கால், வண்டியின் முன்சக்கர அச்சு. அதற்கு முன்னால் சரக்கு, பின்னால் எதிர் எடை. எடை எவ்வளவு என்பதோடு அது அச்சிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதும் கணக்கில் வரும்.

எண்களோடு பார்த்தால் இன்னும் தெளிவாகும். 2,500 கிலோ தூக்கும் என்று விற்கப்படும் வண்டியின் சொந்த எடை 3,500 முதல் 4,000 கிலோ வரை இருக்கும். கணக்குக்கு 3,800 என்று வைத்துக்கொள்வோம். அந்த எடையின் மையம் முன் அச்சுக்கு 1 மீட்டர் பின்னால் இருக்கிறது என்றால், எடையையும் தூரத்தையும் பெருக்க, வண்டியின் பக்கம் 3,800. சரக்கின் மையம் ஃபோர்க்கின் குதிகாலிலிருந்து (ஃபோர்க் மேல்நோக்கி மடங்கும் இடத்திலிருந்து) அரை மீட்டர், அந்தக் குதிகால் அச்சிலிருந்து இன்னொரு 45 சென்டிமீட்டர் முன்னால். ஆக 2,500 கிலோவை 0.95-ஆல் பெருக்கினால் சரக்கின் பக்கம் 2,375. வண்டி ஜெயித்துவிட்டது, பின்சக்கரங்கள் தரையிலேயே இருக்கும்.

இப்போது அதே 2,500 கிலோ, ஆனால் நீளமான பெட்டி. அதன் மையம் அரை மீட்டருக்குப் பதில் 1 மீட்டரில் விழுகிறது. 2,500 பெருக்கல் 1.45 என்றால் 3,625. எடை ஒரு கிலோகூடக் கூடவில்லை, ஆனாலும் வண்டி பின்பக்கம் தூக்கிக்கொள்ளும் நிலைக்கு வந்துவிட்டது. லேசாக பிரேக் அடித்தால் முன்னால் குப்புற விழும். அதனால்தான் ஒவ்வொரு ஃபோர்க்லிஃப்டிலும் பதித்திருக்கும் தகவல் தட்டில் "2,500 கிலோ" என்று மட்டும் போட்டிருக்காது. "500 மில்லிமீட்டர் மையத் தூரத்தில் 2,500 கிலோ" என்று இருக்கும். புதிதாக வேலைக்கு வருபவர்கள் முதல் எண்ணை மட்டும் படிப்பார்கள். இரண்டாவதைப் படிக்காமல் முதலாவதற்கு அர்த்தமே கிடையாது.

சரி, இப்படி ஒரு வண்டியை யார் கண்டுபிடித்தார்கள்? ஒருவர் பெயரைச் சொல்லி முடிக்க முடியாது. சக்கரம் ஓரிடத்தில் வந்தது, தூக்குவது இன்னோரிடத்தில், மாஸ்ட் வேறொரு கம்பெனியில், தூக்குவதற்கு வசதியான மரத்தட்டு வேறு யாரோ செய்தது. 1906-லேயே அமெரிக்காவின் பென்சில்வேனியா ரயில்வே, ஆல்டூனா ஊரில் பயணிகளின் மூட்டை முடிச்சுகளைக் கொண்டுபோக பேட்டரியில் ஓடும் தட்டு வண்டிகளை ஓட்டிப் பார்த்துவிட்டது. ஆனால் எல்லாத் துண்டுகளும் ஒன்று சேர்வதை ஒரே கம்பெனிக்குள் பார்க்க வேண்டுமென்றால் கிளார்க்தான் சரியான இடம். அந்தக் கம்பெனி ஃபோர்க்லிஃப்ட் செய்வதற்காகத் தொடங்கப்பட்டதே இல்லை என்பது இதில் சுவாரசியம்.

தொழிற்சாலைக்குள் ஓட ஒரு வண்டி

1903-ல் சிகாகோவில் ஜார்ஜ் ஆர். ரிச் மேனுஃபேக்சரிங் கம்பெனி என்று ஒன்று தொடங்கியது. தண்டவாளத்தில் துளை போடுகிற டிரில் செய்வது தொழில். அடுத்த வருஷமே மிச்சிகன் மாநிலத்தின் புக்கானன் என்ற சிற்றூருக்குக் குடிபோனது. வியாபாரம் சரியாகப் போகவில்லை. இல்லினாய் ஸ்டீல் கம்பெனியிலிருந்து யூஜின் பி. கிளார்க் என்பவர் வந்து பொறுப்பெடுத்தார். டிரில்லை மேம்படுத்தினார், செல்ஃபோர் என்ற பெயரில் அது விற்றது. கம்பெனியின் பெயரும் செல்ஃபோர் டூல் என்று மாறியது. 1916-ல் செல்ஃபோரும் புக்கானன் எலெக்ட்ரிக் ஸ்டீல் கம்பெனியும் சேர்ந்து கிளார்க் எக்விப்மென்ட் கம்பெனி ஆயின.

அது மோட்டார் லாரிகள் பெருகிக்கொண்டிருந்த காலம். கிளார்க் லாரிக்கான அச்சுகளும் சக்கரங்களும் செய்தது. லாரி செய்யவில்லை, லாரியின் உறுப்புகளைச் செய்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்து நடந்ததற்கு இதுதான் காரணம்.

அச்சுத் தொழிற்சாலைக்குள் என்ன நடக்கும்? வார்ப்புப் பட்டறையில் மணல் வேண்டும். வார்த்த இரும்பு கடைசல் பகுதிக்குப் போக வேண்டும். கடைந்தது வெப்பப் பதப்படுத்தலுக்கு, அங்கிருந்து கோர்க்கும் இடத்துக்கு. ஒவ்வொன்றும் கனம். கைவண்டியில் தள்ளிக்கொண்டு போவார்கள். இயந்திரங்கள் எவ்வளவு வேகமாக ஓடினாலும், ஒரு பகுதியிலிருந்து அடுத்த பகுதிக்குப் பொருள் போய்ச் சேரும் வேகம் தள்ளுகிற ஆளின் வேகம்தான்.

1917-ல் புக்கானன் தொழிலாளர்கள் தங்கள் சொந்த உபயோகத்துக்கு ஒரு வண்டி கட்டிக்கொண்டார்கள். அச்சும் சக்கரமும் கையிலேயே இருக்கின்றன, பெட்ரோல் எஞ்சின் வெளியே கிடைக்கிறது. மூன்று சக்கரம், ஓட்டுவதற்கு ஓர் ஆள், சரக்குக்கு ஒரு தொட்டி. ட்ரக்ட்ராக்டர் என்று பெயர் வைத்தார்கள். அது எதையும் தூக்காது. தூக்கும் வண்டியின் மூதாதைக்குத் தூக்கத் தெரியாது என்பது கொஞ்சம் வேடிக்கைதான்.

அச்சு வாங்க வந்த மற்ற கம்பெனிக்காரர்கள் தொழிற்சாலையைச் சுற்றிப் பார்த்தபோது இந்த வண்டி சுற்றிக்கொண்டிருந்தது. அச்சைப் பார்க்க வந்தவர்கள், "எங்களுக்கும் இது மாதிரி ஒன்று செய்து தருவீர்களா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். 1918-ல் எட்டு வண்டிகள் செய்தார்கள். 1919-ல் இதற்கென்றே கிளார்க் ட்ரக்ட்ராக்டர் என்று தனிக் கம்பெனி.

சந்தையை ஆராய்ந்து, திட்டம் போட்டு, புதுப்பொருளை இறக்கியதாகத்தான் பொதுவாகக் கம்பெனி வரலாறுகளில் எழுதுவார்கள். இங்கே அப்படி ஒன்றும் இல்லை. வேலை செய்கிறவர்கள் முதுகுவலிக்குத் தேடிக்கொண்ட வழி பக்கத்தில் நின்றவர் கண்ணில் பட்டது, அவ்வளவுதான்.

கொண்டுபோவதிலிருந்து தூக்குவதற்கு

கொண்டுபோவது பாதி வேலை. கொண்டுபோனதை இறக்க வேண்டும், ஏற்ற வேண்டும். வண்டிக்கு ஒரு ஆள் போதும், ஏற்றி இறக்க நான்கு பேர் வேண்டும் என்றால் வண்டியின் லாபம் அங்கேயே கரைந்துவிடும்.

1920களின் தொடக்கத்தில் கிளார்க் ட்ரக்லிஃப்ட் என்ற வண்டியைக் கொண்டுவந்தது. கால் வைத்த மேடை ஒன்றில் சரக்கு தயாராக இருக்கும். வண்டி அதன் அடியில் நுழைந்து, தன் தட்டைச் சில அங்குலம் உயர்த்தி, மேடையோடு தூக்கிக்கொண்டு போகும். அந்த நாளில் தூக்குவதற்குப் பெரும்பாலும் பல்சக்கரமும் சங்கிலியும் கம்பியும்தான் பயன்பட்டன. கிளார்க் எண்ணெய் அழுத்தத்தை, அதாவது ஹைட்ராலிக்கை நம்பியது. இன்றைக்கு எல்லா ஃபோர்க்லிஃப்டும் ஹைட்ராலிக்கில்தான் தூக்குகிறது என்பதால் இந்தத் தேர்வைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

எண்ணெயை ஒரு பம்ப் அழுத்தித் தள்ளுகிறது. மூடிய குழாய்க்குள் அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் போய்ச் சேரும். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 150 கிலோ அழுத்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிலிண்டரின் உள்விட்டம் 5 சென்டிமீட்டர் என்றால் அதன் பரப்பு கிட்டத்தட்ட 20 சதுர சென்டிமீட்டர். பெருக்கினால் ஒரு சிலிண்டருக்கு ஏறக்குறைய 3,000 கிலோ தள்ளும் விசை. டீ டம்ளர் அகலம்கூட இல்லாத ஒரு குழாய் மூன்று டன்னைத் தள்ளுகிறது. பல்சக்கரத்தில் இதே விசை வேண்டுமென்றால் எவ்வளவு பெரிய பற்கள் வேண்டும்! இன்னொரு வசதி, வால்வை மூடினால் சரக்கு அப்படியே அந்தரத்தில் நிற்கும். மெல்லத் திறந்தால் மெல்ல இறங்கும்.

மாஸ்டில் ஒரு தந்திரம் உண்டு. அடுத்த முறை ஃபோர்க்லிஃப்ட் தூக்குவதைப் பார்த்தால் சங்கிலியைக் கவனியுங்கள். சங்கிலியின் ஒரு முனை அசையாத பகுதியில் கட்டியிருக்கும். அது மேலே போய் ஒரு உருளையைச் சுற்றி, கீழே வந்து, ஃபோர்க்கைத் தாங்கும் சட்டத்தைப் பிடித்திருக்கும். சிலிண்டர் தள்ளுவது உருளையைத்தான். உருளை 1 மீட்டர் ஏறினால் ஃபோர்க் 2 மீட்டர் ஏறும். சிலிண்டர் பாதி நீளத்தில் இருந்தால் போதும். இலவசமாகக் கிடைக்கவில்லை, தூரம் இரட்டிப்பானால் விசை பாதியாகும். மேலே பார்த்த மாதிரி இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து 6,000 கிலோ விசை கொடுத்தால், ஃபோர்க்கில் கிடைப்பது 3,000. இரண்டரை டன் சரக்கையும் ஃபோர்க் சட்டத்தையும் தூக்க அது போதும்.

இந்த உயரமான மாஸ்ட் வடிவத்துக்கு வந்ததில் கிளார்க்குக்கு மட்டும் பெருமை இல்லை. 1923-ல் யேல் அண்ட் டவுன் கம்பெனி, ஃபோர்க்கோடும் உயரும் மாஸ்டோடும் பேட்டரி வண்டி ஒன்றைக் கொண்டுவந்தது. ஆமாம், பூட்டு செய்கிற அதே யேல்தான். கிளார்க் தன் பங்குக்கு டுவாட் என்ற சிறிய இழுவை வண்டியில் தூக்கும் கருவியைப் பொருத்தியது, பிறகு சரக்கை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதற்கு ட்ரக்டியர் என்ற வண்டியைக் கொண்டுவந்தது. எல்லாமே 1920களுக்குள் நடந்துவிட்டன. 1930களின் பிற்பகுதியில் வந்த கார்லோடர், பெயருக்கேற்ப ரயில் சரக்குப் பெட்டிக்குள்ளேயே நுழைந்து வேலை செய்யும் அளவுக்குச் சிறியது. ஓட்டுநர் உட்கார்ந்து ஓட்ட வேண்டும், முன்னால் மாஸ்ட், பின்னால் எடை, எஞ்சின் இருக்கைக்குக் கீழே. இன்று எந்தக் கிடங்கில் பார்த்தாலும் இதே அமைப்புதான்.

பேலட் இல்லாமல் எதுவும் இல்லை

வண்டி இருக்கிறது. தூக்கவும் செய்கிறது. ஆனாலும் 1930கள் வரைக்கும் பெரும்பாலான கிடங்குகளில் ஆட்கள்தான் பெட்டி பெட்டியாகத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். ஏன்? ஃபோர்க் நுழைய அடியில் இடைவெளி வேண்டும். தரையில் தட்டையாக உட்கார்ந்திருக்கும் பெட்டியின் அடியில் ஃபோர்க்கை எப்படி விடுவது?

விடை, பேலட் என்கிற மரத்தட்டு. மேலே பலகை, கீழே பலகை, நடுவே மரக்கட்டைகள், ஃபோர்க் நுழைய வாய். முதலில் இருந்த மேடைகளுக்குக் கீழ்ப்பலகை கிடையாது, கால்கள் மட்டும்தான். ஒன்றின்மேல் ஒன்று அடுக்கினால் அந்தக் கால்கள் கீழே இருக்கும் சரக்கைக் குத்திவிடும். கீழ்ப்பலகை சேர்த்த பிறகு எடை பரவியது, அடுக்க முடிந்தது. அடுக்க முடிந்ததும் உயரமான மாஸ்டுக்கு அர்த்தம் வந்தது. மாஸ்டும் பேலட்டும் ஒன்றையொன்று வளர்த்தன என்றே சொல்லலாம்.

எவ்வளவு வித்தியாசம்? 1930களின் தொடக்கத்தில் அமெரிக்க ரயில்வே வட்டாரத்தில் சொல்லப்பட்ட ஒரு கணக்கு இன்றும் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. டப்பியில் அடைத்த உணவு 13,000 பெட்டிகள். கையால் இறக்கினால் மூன்று நாள். அதே சரக்கு பேலட்டில் வந்திருந்தால் நான்கு மணி நேரம்.

என் பார்வையில், ஃபோர்க்லிஃப்டின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பேலட்டுக்குப் பாதி இடமாவது ஒதுக்க வேண்டும். எஞ்சினும் ஹைட்ராலிக்கும் கண்ணைக் கவர்கின்றன, நாலு பலகையும் ஆணியும் கவர்வதில்லை. ஆனால் பேலட்டின் அளவு ஒத்துப்போகாவிட்டால் எவ்வளவு நல்ல வண்டியும் சும்மா நிற்க வேண்டியதுதான். அதனால்தான் பின்னாளில் நாடுகள் அளவை நிர்ணயிப்பதில் மெனக்கெட்டன. ஐரோப்பிய ரயில்வேக்கள் 1961-ல் 1,200-க்கு 800 மில்லிமீட்டர் என்று ஒத்துக்கொண்டன. அமெரிக்க மளிகைச் சரக்கில் 48-க்கு 40 அங்குலம் நிலைத்தது.

போர்

இரண்டாம் உலகப் போர் இந்த வண்டியை உலகம் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தது. காரணம் எளிது. தொழிற்சாலையிலும் துறைமுகத்திலும் சுமை தூக்கிக்கொண்டிருந்த ஆண்கள் படைக்குப் போய்விட்டார்கள். அனுப்ப வேண்டிய சரக்கோ பல மடங்கு. வெடிமருந்துப் பெட்டிகளைக் கை மாற்றி மாற்றி ஏற்றுவது நேரமும் பிடிக்கும், ஆபத்தும் கூட. அமெரிக்கத் தரைப்படையும் கடற்படையும் ஃபோர்க்லிஃப்டையும் பேலட்டையும் சேர்த்தே வாங்கிக் குவித்தன. நேச நாடுகளுக்குப் போன ஃபோர்க்லிஃப்டுகளிலும் இழுவை வண்டிகளிலும் பெரும்பங்கு கிளார்க் செய்தது. அச்சு செய்யும் கம்பெனி என்ற அடையாளம் பின்னுக்குப் போய், தூக்கு வண்டிக் கம்பெனி என்ற பெயர் நிலைத்தது இதற்குப் பிறகுதான்.

போர் முடிந்ததும் படைகள் ஊர் திரும்பின, ஆனால் எல்லாச் சாமான்களையும் கப்பலில் ஏற்றித் திருப்பி எடுத்துப்போவது கட்டுப்படியாகவில்லை. ஆஸ்திரேலியாவில் அமெரிக்கப் படை விட்டுச்சென்ற பேலட்டுகளையும் தூக்கும் சாதனங்களையும் அந்நாட்டு அரசு பொதுத் தொகுப்பாக்கித் துறைமுகங்களில் பயன்படுத்தியது. 1958-ல் அது பிராம்பிள்ஸ் கம்பெனியின் கைக்குப் போனது. இன்று நீல நிற பேலட்டுகளை உலகெங்கும் வாடகைக்கு விடும் செப் நிறுவனம் அந்த மிச்சத்திலிருந்து வளர்ந்ததுதான்.

படையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிப் பழகியவர்கள் வேலைக்குத் திரும்பியபோது, பழையபடி முதுகில் தூக்க யாருக்கும் மனம் வரவில்லை. கிடங்குகளின் வடிவமே மாறியது. நகரத்து நடுவில் நான்கைந்து மாடி, சரக்கு லிஃப்ட் வைத்த கிடங்குகள் பழசாகிப்போயின. ஊருக்கு வெளியே ஒரே தளம், உயரமான கூரை, அகலமான பாதை என்று கட்டத் தொடங்கினார்கள். நெடுஞ்சாலை ஓரம் நாம் பார்க்கும் நீண்ட தகரக் கூரைக் கிடங்குகளின் உயரத்தைத் தீர்மானித்ததில் ஃபோர்க்லிஃப்டின் மாஸ்டுக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

போட்டிக்குப் பல பேர் வந்தார்கள். அவர்களுடைய பூர்வீகத்தைப் பார்த்தால் சிரிப்பு வரும்: ஒருவருமே இந்தத் தொழிலில் பிறந்தவர்கள் இல்லை. யேல் பூட்டுக் கம்பெனி என்று சொன்னேன். ஹைஸ்டர், அமெரிக்காவின் போர்ட்லாந்தில் காட்டு மரம் இழுக்கும் வின்ச் செய்துகொண்டிருந்தது. ஜெர்மனியின் லிண்டே குளிர்பதனத்தில் பெயர் எடுத்தது. பிரிட்டனின் கவென்ட்ரி கிளைமாக்ஸ் தீயணைப்பு பம்புக்கு எஞ்சின் செய்தது. 1946-ல் ஃபோர்க்லிஃப்டுக்கு வந்தது, அப்புறம் அதே கம்பெனியின் எஞ்சின் பூட்டிய கூப்பர் காரில் ஜாக் பிராபம் 1959-லும் 1960-லும் ஃபார்முலா ஒன் உலகப் பட்டம் வென்றார். டொயோட்டா 1956-ல் தன் முதல் ஃபோர்க்லிஃப்டைச் செய்தது. அந்தக் குடும்பத்தின் பூர்வீகம் தறி.

கவிழும் வண்டி

பின்பக்கம் நிற்காதீர்கள் என்று முதலில் சொன்னேன். காரணம் இதுதான். ஃபோர்க்லிஃப்ட் பின்சக்கரத்தால் திரும்பும் வண்டி. காரில் மூக்கு திரும்பினால் வால் பின்தொடரும். இங்கே முன்பக்கம் ஏறக்குறைய அதே இடத்தில் இருக்க, பின்பக்கம் வெளிப்புறமாக வீசும். அந்தப் பின்பக்கத்தில்தான் அந்த வார்ப்பிரும்புக் கட்டி இருக்கிறது. சுவருக்கும் அதற்கும் நடுவில் ஆள் மாட்டினால் அவ்வளவுதான். முன்னால் ஏன் திருப்புவதில்லை என்றால், சரக்கின் எடை முழுவதும் முன்சக்கரத்தில் விழுகிறது. அவ்வளவு கனத்தைச் சுமந்த சக்கரத்தைத் திருப்புவது கஷ்டம். தவிர, ஃபோர்க்கை பேலட்டின் வாயில் சரியாக விட, பின்னால் திரும்புவதுதான் வசதி.

இன்னொரு ஆபத்து, கவிழ்வது. நான்கு சக்கரம் இருப்பதால் வண்டி நாற்காலி மாதிரி உறுதியாக நிற்கும் என்று தோன்றும். அப்படி இல்லை. பின் அச்சு நடுவில் ஒரு கீல் போட்டு மாட்டியிருக்கும், மேடு பள்ளத்தில் நான்கு சக்கரமும் தரையைத் தொட வேண்டும் என்பதற்காக. ஆகவே வண்டியைத் தாங்குவது மூன்று புள்ளிகள்: இரண்டு முன்சக்கரங்கள், பின் அச்சின் கீல். இந்த மூன்றையும் கோட்டால் இணைத்தால் ஒரு முக்கோணம் வரும். வண்டியும் சரக்கும் சேர்ந்த எடை மையம் அந்த முக்கோணத்துக்கு மேலேயே இருக்கும்வரை பிரச்சினை இல்லை. வெளியே போனால் வண்டி சாய்ந்துவிடும்.

இதில் ஒரு வியப்பு. வளைவில் வேகமாகத் திரும்பும்போது காலி வண்டிதான் பக்கவாட்டில் எளிதாகக் கவிழும். சரக்கு இல்லாதபோது எடை மையம் பின்னுக்கு, முக்கோணத்தின் ஒடுங்கிய முனைப் பக்கம் போய்விடுகிறது. அங்கே இடது வலது இரண்டு பக்கமும் இடம் குறைவு. சரக்கு இருக்கும்போது மையம் முன்னால், அகலமான பக்கம் வருகிறது. "காலி வண்டிதானே" என்று வேகமாகத் திருப்புகிற ஓட்டுநர் அதிக ஆபத்தில் இருக்கிறார். சரக்கை உயரத்தில் வைத்துக்கொண்டு திரும்புவது இன்னும் மோசம், அது எல்லோருக்கும் பார்த்தாலே தெரியும்.

வண்டி சாயும்போது ஓட்டுநர் என்ன செய்வார்? குதிப்பார். உடம்பு தானாகவே அதைத்தான் செய்யும். தலைக்கு மேல் இரும்புக் கூண்டு ஒன்று உண்டு. மேலிருந்து விழும் பெட்டியிலிருந்து காப்பாற்ற வைத்தது. வண்டி சாயும் பக்கமே குதித்தால் அந்தக் கூண்டின் விளிம்பு அவர்மேல் விழும். இருக்கையிலேயே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் சின்ன அடியோடு தப்பித்திருக்கலாம். காப்பாற்ற வைத்ததே ஆளைக் கொல்லும் என்பது பல விபத்துகளுக்குப் பிறகுதான் புரிந்தது.

1980களின் தொடக்கத்தில் கிளார்க் ஓட்டுநரை இருக்கையோடு பிடித்துவைக்கும் அமைப்பைக் கொண்டுவந்தது. சீட் பெல்ட், அத்தோடு இடுப்பையும் தோளையும் பக்கவாட்டில் தாங்கும் இருக்கை. இந்த ஏற்பாட்டை மற்ற கம்பெனிகளும் பயன்படுத்த வழிவிட்டது. இன்று ஃபோர்க்லிஃப்ட் பயிற்சியில் சொல்லித்தரும் பாடம் இதுதான்: வண்டி சாய்ந்தால் குதிக்காதே, ஸ்டியரிங்கை இறுகப் பிடி, காலை ஊன்று, சாயும் பக்கத்துக்கு எதிராக உடம்பைச் சாய். ஹைட்ராலிக் பற்றிப் பெருமையாகப் பேசுவோம். கிளார்க் செய்ததிலேயே உயிர்களைக் காப்பாற்றியது இந்த பெல்ட்தான் என்று நான் சொல்வேன்.

பேட்டரி வண்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. காரில் பேட்டரியின் எடை ஒரு சுமை. ஃபோர்க்லிஃப்டில் அதுவே எதிர் எடையின் ஒரு பங்கு. பெட்ரோல் கார்கள் பேட்டரிக் கார்களை ஓரங்கட்டிய காலத்திலும் கிடங்குக்குள் பேட்டரி வண்டி நிலைத்ததற்குப் புகை இல்லாதது ஒரு காரணம், இந்த எடை இன்னொரு காரணம். இப்போது லெட் ஆசிட் பேட்டரியை எடுத்துவிட்டு இலேசான லித்தியம் பேட்டரி வைப்பவர்கள், குறைந்த எடைக்கு ஈடாக இரும்பு சேர்க்க வேண்டியிருக்கிறது. இது தெரியாமல் பேட்டரியை மட்டும் மாற்றினால் தகவல் தட்டில் போட்டிருக்கும் எண் பொய்யாகிவிடும்.

பெயர் ஒன்று, கைகள் பல

போருக்குப் பின் கிளார்க் எக்விப்மென்ட் பெரிய குடும்பமாக வளர்ந்தது. மண் அள்ளும் இயந்திரங்கள் செய்தது. சின்ன இடத்தில் சுழன்று திரும்பும் பாப்கேட் லோடர்களைச் செய்த மெல்ரோ கம்பெனியை 1969-ல் வாங்கியது. 1985-ல் பெரிய மண் வேலை இயந்திரங்களை வால்வோவோடு கூட்டாக்கியது. இந்த வளர்ச்சிக்கு நடுவே ஃபோர்க்லிஃப்ட் பல கிளைகளில் ஒன்றாகிப்போனது. அதே சமயத்தில் ஜப்பானிய வண்டிகள் அமெரிக்கச் சந்தைக்குள் பலமாக வந்துவிட்டன.

1992-ல் ஃபோர்க்லிஃப்ட் பிரிவை மட்டும் பிரித்து டெரெக்ஸ் நிறுவனத்துக்கு விற்றார்கள். கம்பெனியைப் பிரபலமாக்கிய பொருளையே கம்பெனி கைகழுவியது. மிச்சமிருந்த தாய்க் கம்பெனியை 1995-ல் இங்கர்சால் ராண்ட் வாங்கியது. டெரெக்ஸும் ஃபோர்க்லிஃப்டை நெடுநாள் வைத்துக்கொள்ளவில்லை. 1996-ல் ஒரு முதலீட்டு நிறுவனத்துக்குக் கைமாற்றியது. 1998-ல் கிளார்க், தென்கொரியாவின் சாம்சங் ஹெவி இண்டஸ்ட்ரீஸ் நடத்திய ஃபோர்க்லிஃப்ட் தொழிலை வாங்கியது. வாங்கிய இரண்டே வருஷத்தில், 2000-ல், திவால் மனு.

2003-ல் காப்பாற்ற வந்தவர் யார் என்றால், தென்கொரியாவின் புச்சோன் நகரைச் சேர்ந்த யங் ஆன் என்ற தொப்பிக் கம்பெனி. தலையில் போடும் தொப்பிதான். உலகின் பெரிய தொப்பி உற்பத்தியாளர்களில் ஒன்று. அதே காலத்தில் டேவூவின் பேருந்துத் தொழிலையும் வாங்கியது. கேட்பவர்களுக்கு விசித்திரமாக இருக்கும், ஆனால் டிரில் கம்பெனி, பூட்டுக் கம்பெனி, தறிக் கம்பெனி எல்லாம் ஃபோர்க்லிஃப்ட் செய்யும்போது தொப்பிக் கம்பெனி செய்யக்கூடாதா என்ன?

தாய்க் கம்பெனியின் பாப்கேட் கிளையும் கடைசியில் அங்கேதான் போய்ச் சேர்ந்தது. 2007-ல் இங்கர்சால் ராண்ட் அதைக் கொரியாவின் டூசானுக்கு விற்றது. புக்கானனில் ஒரு கூரைக்குக் கீழ் தொடங்கிய குடும்பத்தின் இரண்டு கிளைகளும் வேறு வேறு வழியில் கொரியாவுக்குப் போய்விட்டன. இரண்டுக்கும் இப்போது ஒன்றோடொன்று தொடர்பில்லை.

பழைய வண்டி வாங்க நினைப்பவர்களுக்கு இந்தக் கைமாற்றங்கள் வெறும் கதை இல்லை. கிளார்க் என்று எழுதியிருக்கும் இரண்டு வண்டிகள் வேறு வேறு நாட்டில், வேறு வேறு முதலாளி காலத்தில் செய்யப்பட்டிருக்கலாம். உதிரிபாகம் ஒன்றுக்கொன்று பொருந்தாது. பெயின்ட்டையும் பெயரையும் பார்த்து முடிவெடுக்காமல், வரிசை எண்ணை எழுதிக்கொண்டு உதிரிபாகம் கிடைக்குமா என்று முதலில் விசாரிப்பது நல்லது. இது கிளார்க்குக்கு மட்டும் இல்லை. போட்டியாளர்களாகத் தொடங்கிய ஹைஸ்டரும் யேலும் இன்று ஒரே கம்பெனி. ஸ்வீடனின் பிடி, அமெரிக்காவின் ரேமண்ட் இரண்டும் 2000-லிருந்து டொயோட்டாவின் குடும்பம்.